நடந்து போகிறவருக்குச் சொந்தமான சத்தம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் கராஜுக்குக் கொண்டுவரும் சந்தேகங்களில் இதுவும் ஒன்று: "மெதுவாப் போறப்ப முன்பக்கம் 'ஊ'ன்னு ஒரு சத்தம் வருதே பாஸ், பெல்ட் ஏதும் தேயுதா?" பெல்ட் தேயவில்லை. முன் பம்பருக்கு உள்ளே சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. கார் மோட்டாரில் மட்டும் ஊர்ந்து செல்லும்போது அது வேண்டுமென்றே அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. இதைக் கேட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்ப அதக் கழட்டிடலாமா?"

கழற்றலாம். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி யாருக்காக வைக்கப்பட்டது, அது இல்லாவிட்டால் மலையகத்து வீதியில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகு ஒருவர் அதில் கை வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார் ஒன்று நம்மை நோக்கி வருவதைக் காது இரண்டு வழிகளில் அறிகிறது. ஒன்று என்ஜின் சத்தம், மற்றது வீதியில் டயர் உருளும் சத்தம். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் டயரின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் ஓங்கிவிடுவதால், பெற்றோல் காரா ஹைபிரிட் காரா என்று காதால் பிரிப்பது கடினம். 20க்குக் கீழே நிலைமை வேறு. அங்கே டயர் கிட்டத்தட்ட ஊமை; கேட்பதெல்லாம் என்ஜின்தான். ஹைபிரிட் கார் தன் என்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரில் ஓடுவதும் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான். கடைத்தெருவில் ஊர்வது, வாசலில் ரிவர்ஸ் எடுப்பது, பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு நடுவே மெல்ல நகர்வது என்று கார் மனிதர்களுக்கு மிக அருகில் வருகிற நேரங்களில்தான் அது சத்தமற்றுப் போகிறது.

இந்தச் சிக்கலை முதலில் உணர்ந்து குரல் கொடுத்தவர்கள் பார்வையற்றவர்கள். வீதியைக் கடக்கலாமா என்பதை அவர்களுக்குச் சொல்வது காது மட்டும்தான். அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இதைப் பற்றித் தொடர்ந்து பேசியது. 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உளவியலாளர் லோரன்ஸ் ரோசன்புளூம் ஒரு பரிசோதனை செய்தார். மணிக்கு 5 மைல் வேகத்தில் வரும் கார்களின் ஒலியைப் பதிவு செய்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்பவர்களைச் சொல்ல வைத்தார். சாதாரணக் கார் 28 அடி தூரத்தில் இருக்கும்போதே சரியாகச் சொன்னவர்களுக்கு, ஹைபிரிட் கார் 7 அடிக்குள் வந்த பிறகுதான் திசை பிடிபட்டது. அந்த வேகத்தில் 7 அடி என்பது ஒரு வினாடி.

விபத்துக் கணக்குகளும் அதே பக்கம் சாய்ந்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வேகம் குறைத்தல், நிறுத்துதல், பின்னால் எடுத்தல், தரிப்பிடத்துக்குள் நுழைதல் போன்ற மெதுவான நகர்வுகளின்போது ஹைபிரிட் கார்கள் பாதசாரிகளை மோதும் வாய்ப்பு மற்றக் கார்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எனத் தெரிந்தது. பிரித்தானியாவில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துத் தரவுகளை லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அலசி 2024இல் வெளியிட்டார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்குப் பெற்றோல், டீசல் கார்களால் 2.40 பாதசாரிகளும், மின், ஹைபிரிட் கார்களால் 5.16 பாதசாரிகளும் அடிபட்டிருந்தார்கள். மின் கார்களை ஓட்டுபவர்களில் அனுபவம் குறைந்த இளையவர்கள் அதிகம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முழுப் பழியையும் சத்தமின்மை மேல் போடக் கூடாது. ஆனாலும் எச்சரிக்கை ஒலி கட்டாயமாவதற்கு முந்திய ஆண்டுகளின் கணக்கு அது என்பதை மறந்துவிட முடியாது.

முதலில் வழி வகுத்தது ஜப்பான். 2010 ஜனவரியில் அந்நாட்டு அரசு இதற்கென வழிகாட்டல்களை வெளியிட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் டொயோட்டா நிறுவனம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரில் பின்னர் பொருத்திக்கொள்ளும் ஒலிக்கருவியை 12,600 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வரை அது மோட்டார் சுழல்வது போன்ற ஒலியை எழுப்பும். வேகம் கூடக் கூடச் சுருதியும் உயரும். பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 138ஆம் இலக்க ஒழுங்குவிதியை உருவாக்கியது. அது 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இந்த ஒலி கட்டாயம். ஜப்பானில் 2018 மார்ச் முதல் புதிய மாடல்களுக்கும், 2020 ஒக்டோபர் முதல் மற்றவற்றுக்கும் கட்டாயமாயிற்று.

ஒழுங்குவிதி கேட்கும் அளவுகளைப் பார்த்தால், "இந்தச் சத்தம் தொல்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரிய இடமில்லை என்பது விளங்கும். காரின் நடுக்கோட்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி அளக்கும்போது, மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபெல், 20 கிலோமீற்றரில் 56, பின்னால் எடுக்கும்போது 47 இருக்க வேண்டும். எதிரில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேசும் பேச்சே 60 டெசிபெல் அளவில் இருக்கும். உச்ச வரம்பும் உண்டு: 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, அதாவது சாதாரணப் பெற்றோல் கார் போடும் சத்தத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். 2 மீற்றரில் 50 என்றால் 4 மீற்றரில் 44, 8 மீற்றரில் 38, 16 மீற்றரில் 32. இரவில் அடங்கிய லயத்து ஓரம். பின்னணி இரைச்சல் 30 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் 16 மீற்றரில் காதுக்கு எட்டும். அந்த வேகத்தில் அது வினாடிக்கு 2.8 மீற்றர் நகர்வதால், ஒதுங்கி நிற்க ஏறத்தாழ 6 வினாடி கிடைக்கிறது. அதே இடத்தில் மழை பெய்து பின்னணி இரைச்சல் 45 டெசிபெல்லுக்கு ஏறினால், கார் 4 மீற்றருக்குள் வரும்வரை ஒன்றும் கேட்காது. கிடைப்பது ஒரு வினாடியும் கொஞ்சமும். ஒலிபெருக்கி வேலை செய்யும் காருக்கே இந்தக் கணக்கு. அதையும் கழற்றிவிட்டால் அந்தக் கொஞ்சமும் இல்லை.

மலையகத்தில் மழை சில நாள் வந்து போகும் விருந்தாளி இல்லை. தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியா வரை வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையில் பொலித்தீன் உறையைப் போர்த்திக்கொள்கிறார்கள். மழைத்துளி அதன்மேல் விழும் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே ஒலிக்கிறது. வெளிச்சத்தம் அதற்குள் அமுங்கிவிடும். கூடையின் கயிறு நெற்றியில் அழுத்த, முதுகில் பாரத்தோடு குனிந்து நடக்கும் பெண்ணுக்குச் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. பின்னால் வருவதை அவருக்கு அறிவிக்கக் காதைத் தவிர வேறொன்றும் இல்லை. தோட்டத்து வீதிகளில் நடைபாதை கிடையாது. லயம், பிள்ளை மடுவம், பாடசாலை, கோயில், ஸ்டோர் எல்லாமே ஒரே ஒற்றைப் பாதையின் ஓரத்தில் இருக்கின்றன. அந்தப் பாதையின் வளைவும் குழியும் எந்தக் காரையும் 10, 15 கிலோமீற்றருக்கு மேல் போக விடாது. ஹைபிரிட் கார் முழுக்க முழுக்க மோட்டாரில் போகக்கூடிய வேகம் அது. கல்லும் சரளையுமாக இருந்த காலத்தில் டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தமாவது கேட்டது. கொங்கிரீட் போட்ட தோட்டத்து வீதியிலும் கார்பட் போட்ட பிரதான வீதியிலும் அதுவும் குறைந்துவிட்டது.

மலை வீதிக்கு இன்னொரு குணமும் உண்டு. இங்கே வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியாது. ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர், மறுபக்கம் பள்ளம். ஒளி நேர்கோட்டில் செல்வதால் கண்ணுக்கு அந்த மண் சுவரோடு எல்லை முடிகிறது. ஒலி அப்படி இல்லை; தடையைச் சுற்றி வளைந்து வரும். எவ்வளவு வளையும் என்பது அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. 2,500 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு அலையின் நீளம் 14 சென்ரிமீற்றர்; 600 ஹேர்ட்ஸில் 57 சென்ரிமீற்றர்; 100 ஹேர்ட்ஸில் 3.4 மீற்றர். அலை நீண்டால் மண் சுவரைச் சுற்றி இலகுவாக வரும். கீச்சிடும் குறுகிய அலை சுவருக்குப் பின்னால் நிழல்போல் மறைந்துவிடும். லொறியின் உறுமல் வளைவுக்கு அப்பாலிருந்து நமக்குக் கேட்பதும், பறவையின் கீச்சொலி கேட்காமல் போவதும் இதனால்தான்.

ஒலியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். ஐ.நா. ஒழுங்குவிதி, குறைந்தது இரண்டு அதிர்வெண் பட்டைகளில் ஒலி இருக்க வேண்டும் என்றும், அவற்றில் ஒன்றாவது 1,600 ஹேர்ட்ஸுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை; அந்தத் தாழ்ந்த பட்டை முதியவர்களுக்கானது. நிசான் லீஃப் காரின் முதல் தலைமுறை 2,500 ஹேர்ட்ஸிலிருந்து 600 வரை ஏறி இறங்கும் ஒலியை வைத்திருந்ததும் எல்லா வயதுக் காதுகளையும் எண்ணித்தான். சுருதி மாறுவதும் அழகுக்காக அல்ல. வேகம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் கூடும்போது சுருதி சராசரியாகக் குறைந்தது 0.8 சதவீதம் உயர வேண்டும் என்பது விதி. வருகிற கார் வேகமெடுக்கிறதா, தணிகிறதா என்பதைக் காதால் அறிய அது வேண்டும். ஒரே சுருதியில் நீளும் 'பீப்' ஒலியின் திசையைக் கண்டுபிடிப்பது கடினம். இடக் காதுக்கும் வலக் காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத வேறுபாட்டையும், வலிமையில் உள்ள வேறுபாட்டையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. பல அதிர்வெண்கள் கலந்த ஒலியில் அதற்குப் பிடிமானங்கள் அதிகம்.

அடுத்தது மூடுபனி. நானுஓயா, நுவரெலியாப் பக்கம் மாலை நான்கு மணிக்கே பனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. பனி ஒலியையும் விழுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1873இல் ஜோன் டிண்டால் என்ற இயற்பியலாளர் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லண்ட் முனையில் கப்பல்களுக்கான எச்சரிக்கை ஊதிகளை வைத்துப் பரிசோதித்து, அந்த நம்பிக்கை தவறு என்று காட்டினார். பளிச்சென்ற வெயில் நாளில் கேட்காத ஊதி, அடர்ந்த பனிக்குள் கேட்டது. பனி இறங்கும் நேரத்தில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். நிலத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அடுக்காகிவிட்டால், மேல்நோக்கிப் போகும் ஒலியும் வளைந்து கீழே திரும்பி வரும். கண் தோற்கும் நேரத்தில் காதின் எல்லை விரிகிறது. மலையகத்தில் நடப்பவருக்கு இயற்கை கொடுத்திருக்கும் ஈடு அது. ஒலிபெருக்கியைக் கழற்றிய கார் அந்த ஈட்டையும் பறித்துக்கொள்கிறது.

ஹைபிரிட் காரும் மலையும் சேரும்போது நடப்பது இன்னொன்று இருக்கிறது. தட்டையான கொழும்பு வீதியில் இதை யாரும் கவனிக்க வாய்ப்பில்லை. ஏற்றத்தில் இந்தக் கார் ஊமை இல்லை. மோட்டாரின் பலம் போதாமல் என்ஜின் உயர்ந்த சுழற்சியில் இரைந்துகொண்டே ஏறும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஹைபிரிட் காரின் சத்தம் அடுத்த மலைக்கே கேட்கும். அதே கார் இறங்கும்போது என்ஜினை நிறுத்திவிடுகிறது. சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிப் பற்றரியை நிரப்புகிறது. ஆட்களோடு 1,300 கிலோகிராம் எடையுள்ள டொயோட்டா அக்வா ஒன்று நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக 500 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 1.8 கிலோவாட் மணி. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அக்வாவின் பற்றரியோ மொத்தமே 0.9 கிலோவாட் மணி சொச்சம். அதிலும் நடுப்பகுதியைத்தான் கார் பயன்படுத்துகிறது. ஆகவே பாதி வழியிலேயே பற்றரி நிரம்பிவிடும். நிரம்பிய பின் கார் என்ஜினை எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழற்றி, அதையே பிரேக்காகப் பயன்படுத்தும். அப்போது சத்தம் திடீரென்று எழும். கியர் கோலை 'B' (பிரேக்) நிலையில் வைத்தாலும் இப்படித்தான்.

இதனால் ஒரே வீதியில், ஒரே கார், மலையின் மேற்பகுதியில் நடப்பவருக்குச் சத்தமில்லாமலும் கீழ்ப்பகுதியில் நடப்பவருக்கு இரைந்துகொண்டும் வருகிறது. "இறக்கத்தில் கார் வந்தால் கேட்கும்" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியாது, "கேட்காது" என்று சொல்லவும் முடியாது. இறக்கத்தில் வேகம் 25, 30 இருக்கும் இடங்களில் டயரின் சத்தம் துணைக்கு வரும். கொண்டைஊசி வளைவில் 15க்குத் தணியும்போது அது போய்விடும். ஆள் மறைந்து நிற்கும் இடமும் அந்த வளைவுதான். அங்கே மிஞ்சுவது பம்பருக்குள் இருக்கும் அந்தச் சிறு ஒலிபெருக்கி மட்டுமே. (பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்கும் ஓட்டோக்களும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. அவற்றுக்கு பிரேக் சூடாகித் தோற்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.)

"வளைவில் ஹோர்ன் அடிக்கிறேனே, அது போதாதா?" என்று சாரதிகள் கேட்பதுண்டு. வளைவில் ஹோர்ன் அடிப்பது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் ஹோர்ன் அடிப்பதற்கு சாரதி ஒரு முடிவு எடுக்க வேண்டும். அவர் மறந்த வளைவிலும், யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்த வாசலிலும், கண்ணாடியில் தெரியாத குழந்தையை நோக்கி ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஹோர்ன் ஒலிப்பதில்லை. பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது: மன்னன் எல்லாளனின் மகன் சென்ற தேரின் கீழ் கன்று அகப்பட்டதும், தாய்ப்பசு அரண்மனை மணியை இழுத்ததும் அனுராதபுரத்துக் கதையாக மகாவம்சத்தில் இருக்கிறது. நம் பக்கம் திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையாகச் சொல்வார்கள். இரண்டிலும் மணி ஒலித்தது கன்று செத்த பிறகு. எவருடைய நினைவையும் நம்பாமல், கார் நகர்ந்தாலே தானாக ஒலிக்கும் ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கருவி.

சத்தத்தை நிறுத்த நினைப்பவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவர்களுடைய எரிச்சலுக்கும் காரணம் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு லயத்து வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது அயலவர் தூக்கம் கெடுமே என்ற கூச்சம் நல்ல மனதின் கூச்சம். ஆனால் பெற்றோல் கார் ஒன்றோ ஓட்டோ ஒன்றோ அதே வாசலில் ஸ்டார்ட் எடுத்தால் எழும் சத்தம் இதைவிடப் பல மடங்கு. உள்ளே இருப்பவருக்கு இது பெரிதாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹைபிரிட் காரின் உள்ளே மற்றச் சத்தமெல்லாம் அடங்கியிருப்பதால் இந்த ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. முன்பு இருந்ததைவிடத் திடீரென்று கூடியிருந்தால், ஒலிபெருக்கியின் பிடி தளர்ந்து பம்பர் அதிர்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். அது பழுதுபார்க்கக்கூடிய விடயம்.

ஆரம்ப காலத்தில் உற்பத்தியாளர்களும் இதே எரிச்சலுக்கு இடம் கொடுத்தார்கள். சில மாடல்களில் ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான் இருந்தது. காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒலி தானாகத் திரும்பிவிடும். ஐ.நா. ஒழுங்குவிதியின் திருத்தம் அந்தப் பொத்தானையும் தடை செய்தது. அமெரிக்கா இன்னும் கடுமை. அங்கே 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின் கீழ் வந்த விதிப்படி மணிக்கு 30 கிலோமீற்றர் வரை ஒலி வேண்டும், அதை நிறுத்தும் வசதி இருக்கவே கூடாது. 2022 பெப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் 5 இலட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்த வேண்டி வந்தது. அந்தக் கார்கள் எச்சரிக்கை ஒலியை நிறுத்தவில்லை. வெளி ஒலிபெருக்கியில் பாட்டும் வேறு ஒலிகளும் போட இடம் கொடுத்தன. எச்சரிக்கை ஒலி அதற்குள் அமுங்கிப்போகும் என்பதே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் சொன்ன காரணம்.

இலங்கையில் இந்த வரலாறு வேறு விதமாக வந்து முட்டுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஜப்பானில் எல்லாப் புதிய ஹைபிரிட்டுகளுக்கும் ஒலி கட்டாயமானது 2020 ஒக்டோபரில். அதனால் இன்று மலையகத்தில் ஓடும் அக்வா, பிரியஸ், ஃபிட், வெசல், லீஃப் கார்களில் பெரும்பகுதி அந்தக் கட்டாயத்துக்கு முன்னே கரை இறங்கியவை. சிலவற்றில் ஒலிபெருக்கி இருக்கிறது, நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. இருந்தும் ஊமையாகிப்போனவையும் உண்டு. முன் பம்பருக்குள் கீழ்ப்பக்கமாக இருக்கும் கருவி சேற்றிலும் மழை நீரிலும் பத்து வருடம் நனைந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? சாரதிக்கு அது தெரியவே வராது. நின்றுபோன சத்தத்தைப் பற்றி யாரும் கராஜுக்கு வந்து கேட்பதில்லை.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் கிரகரி வாவியோரமும் கடைத்தெருவும் சனத்தால் நிரம்பி வழியும்போது, கார்கள் ஆட்களுக்கு நடுவே 5, 10 கிலோமீற்றரில் ஊர்கின்றன. உந்துவப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் வீதியில் நள்ளிரவிலும் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள், கைக்குழந்தையோடு, தூக்கக் கலக்கத்தோடு. இந்த இரண்டு பருவத்துக்கும் முன்னால் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பற்றரி நன்றாக நிரம்பி, என்ஜின் சூடேறி நின்ற பிறகு, சத்தமில்லாத ஓர் இடத்தில் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே இறங்கி நில்லுங்கள். கார் மோட்டாரில் மட்டும் நடை வேகத்தில் உங்களைக் கடந்து போகட்டும், முன்னாலும் பின்னாலும். அந்த 'ஊ' கேட்டால் சரி. கேட்காவிட்டால் முதலில் நிறுத்தும் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கராஜ் பாஸிடம் பம்பரைக் கழற்றி ஒலிபெருக்கியையும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கேட்பார், "வேல செய்ய வைக்கவா, கழட்டிடவா?" என்று.